உப்பிய போனும் அப்பாவின் குரலும்

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடும் வழக்கம் கிடையாது. ஹார்லிக்ஸ் பாட்டில், ஸ்வீட் கடை டப்பா, ஜவுளிக் கடைப் பை, கிழிந்த குடையின் கம்பி என்று எல்லாம் ஒரு நாளைக்கு உதவும் என்று எடுத்து வைப்பேன். என் அம்மா என்னைவிட ஒரு படி மேலே. "தூக்கிப் போட ஒரு நிமிஷம் போதும், திரும்ப வாங்க ஒரு மாசம் ஆகும்" என்பாள்.

சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் எடுத்து வைக்கவே கூடாத பொருள் ஒன்றும் இருக்கிறது என்பதை நான் இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை விழுப்புரத்தில், என் வீட்டில். இன்னொரு தடவை திண்டிவனத்தில், என் பிறந்த வீட்டில். என்னைப் போன்ற சகோதரிகளுக்கு உபயோகமாக இருக்கும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

2022-ல் என் பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். தினமும் ரயிலில் போய் வருகிறவன், வழியில் போன் அணைந்துவிட்டால் என்ன செய்வான் என்று ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தோம். தள்ளுவண்டிச் சரக்கு, பெயர் தெரியாத கம்பெனி. கடையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சொல்வதை முந்நூற்றைம்பதுக்குப் பேரம் பேசி முடித்த பெருமை எனக்கு!

ஒரு வருஷம் உழைத்தது. பிறகு அதன் இரண்டு ஓடும் விலகி, நடுவில் வாய் பிளந்த மாதிரி ஆயிற்று. பையன், "இது போச்சும்மா" என்று ஒதுக்கிவிட்டான். நான் விடுவேனா? தையல் மிஷின் டிராயரில் எடுத்து வைத்தேன்.

2023 ஆகஸ்டில் ஒரு நாள். மறுநாள் மாதாந்திர மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தது. இருப்பதையெல்லாம் சார்ஜ் பண்ணி வைப்போம் என்று நான்தான் அந்தப் பவர் பேங்கைத் தேடி எடுத்தேன். கட்டில் தலைமாட்டில் இருந்த பிளக்கில் மாட்டி, இலவம்பஞ்சு மெத்தையின் மேலேயே வைத்துவிட்டு சமையலைப் பார்க்கப் போனேன்.

அரை மணி ஆகியிருக்கும். நகப் பாலீஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு இனிப்பு நெடி வந்தது. அடுத்து "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். குக்கர்தான் என்று நினைத்தேன். ஆனால் நான் அன்றைக்குக் குக்கரே வைக்கவில்லை! ஓடிப் போய்ப் பார்த்தால் அறை முழுக்க வெள்ளைப் புகை. கண்ணெதிரிலேயே அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து மத்தாப்பு மாதிரி சீறிக்கொண்டு நெருப்பு கிளம்பிற்று. பத்து நிமிஷம் முன்புவரை அதே கட்டிலில் படுத்திருந்த என் பெண், பூக்காரியின் குரல் கேட்டு வாசலுக்குப் போயிருந்தாள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

என் கணவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். நான் துடைப்பக் கட்டையால் அதைத் தரையில் தள்ளினேன். இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றியதும் அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி பற்றிக்கொண்டது. மேலும் நாலைந்து பக்கெட் ஊற்றிய பிறகுதான் அடங்கிற்று. மெத்தை போயிற்று. தெறித்த துண்டு ஒன்று என் வலது பாதத்தைப் பொசுக்கிவிட்டது.

அடுத்த வீட்டு அம்மாள் பற்பசையோடு ஓடி வந்தார். இன்னொருவர் இங்க் தடவச் சொன்னார். நல்ல வேளையாக என் பெண், "ஒண்ணும் தடவாதீங்க!" என்று கத்தி, என்னைக் குழாயடியில் உட்கார வைத்து, இருபது நிமிஷம் பாதத்தின் மேல் தண்ணீரை ஓட விட்டாள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். "குக்கர் வெடிச்சுதா, எண்ணெய் கொட்டிச்சா?" என்று கேட்டார் டாக்டர். பவர் பேங்க் என்றதும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "உடனே தண்ணி விட்டீங்களே, அதனால தப்பிச்சீங்க. பற்பசையெல்லாம் பூசியிருந்தா சூடு உள்ளேயே தங்கியிருக்கும்" என்றார். தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது.

என் நாத்தனார் மகன் ஐ.டி.ஐ. படித்தவன். விழுப்புரத்திலேயே போன் ரிப்பேர் வேலை செய்கிறான். விஷயம் கேள்விப்பட்டு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சவளுக்குப் புரியற மாதிரி சொல்லுடா, அது ஏன் உப்புது, ஏன் எரியுது?" என்று கேட்டேன்.

அவன் சொன்னது இதுதான். போன், பவர் பேங்க், காதில் மாட்டும் கருவி, கைவிசிறி எல்லாவற்றிலும் இப்போது இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிகோலிய விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். சின்ன இடத்தில் நிறைய சக்தியை அடைத்து வைப்பதுதான் இதன் பெருமை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள். அவை ஒன்றை ஒன்று தொடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். அது நம் தலைமுடியைவிட மெலிசு! இந்த மூன்றையும் பாய் மாதிரி சுருட்டி அல்லது அடுக்கி, ஒரு திரவத்தில் நனைத்து, அலுமினியப் பையில் ஒட்டி மூடிவிடுகிறார்கள். அந்தத் திரவம் சுலபமாகத் தீப்பிடிக்கக் கூடியது. பேட்டரிக்கு வயதானாலோ, அதிகச் சூடு பட்டாலோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ அந்தத் திரவம் உள்ளே கெட்டுப்போய் வாயுவாக மாறுகிறது. வெளியே போக வழியில்லாமல் பை உப்புகிறது.

"கெட்டுப்போன பால் பாக்கெட் உப்புமே, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க அத்தை" என்றான்.

சட்டென்று புரிந்துவிட்டது. உப்பிய பால் பாக்கெட்டை நாம் யாராவது வாங்குவோமா? பால்காரர் சும்மா கொடுத்தாலும் திருப்பித் தந்துவிடுவோம். உப்பிய பவர் பேங்கை மட்டும் பத்திரமாக டிராயரில் வைத்திருந்தேனே!

உப்பின பேட்டரியெல்லாம் அன்றைக்கே எரிந்துவிடும் என்பதில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடக்கவும் செய்யும். ஆனால் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தாள் எங்கேயாவது கிழிந்து இரண்டு தகடும் தொட்டுக்கொண்டால் போதும். உள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு ஏறி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, நொடியில் பற்றிக்கொள்ளும். உள்ளே சூடு தணியாதவரை அணைத்தாலும் மறுபடி பற்றும். எங்கள் வீட்டில் ஆனது அதுதான். அந்தப் புகையும் லேசுப்பட்டதல்ல. ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற கொடிய வாயு அதில் உண்டு.

மலிவுச் சரக்கில்தான் இப்படி ஆகும், பெரிய கம்பெனியில் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். எனக்கு 2007 ஆகஸ்ட் மாதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நோக்கியா கம்பெனி, பி.எல்-5சி என்ற பேட்டரியில் ஒரு பகுதி சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தது. உலகம் முழுக்க 4.6 கோடி பேட்டரிகள்! வேறொரு கம்பெனி அவர்களுக்காகச் செய்து கொடுத்தவை. எங்கள் தெருவில் எல்லோரும் போனைக் கழற்றி, பேட்டரியின் முதுகில் இருந்த நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2016-ல் சாம்சங் கம்பெனியின் கேலக்ஸி நோட் 7 வந்தது. பல இடங்களில் தீப்பிடிக்கவே, செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றார்கள். பதிலுக்குக் கொடுத்த போன்களும் எரிந்தன. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். பேட்டரியின் குறைதான் காரணம் என்று 2017 ஜனவரியில் கம்பெனியே சொல்லிற்று. அதே 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பெட்டி வைக்கும் இடத்தில் ஒரு பழைய மாடல் போன் புகைந்தது. விமானப் பணியாளர்கள் பதறாமல் அணைத்து, தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அதைப் போட்டு வைத்தார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கிற்று.

வேலூரில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 2022 மார்ச் மாதம், ராத்திரி வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனாரும் அவர் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஸ்கூட்டரில் இருப்பது பெரிய பேட்டரி, போனில் இருப்பது சின்னது. ஜாதி ஒன்றுதான்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு என் வீட்டு டிராயர்களையெல்லாம் சுத்தம் பண்ணிவிட்டேன். அம்மா வீட்டு டிராயரை நினைக்கவே இல்லை. அதுதான் நான் செய்த தப்பு.

என் அப்பா 2022 கடைசியில் காலமானார். மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதியவர். கடைசி மூன்று வருஷம் அவர் கையில் ஒரு போன் இருந்தது. அவருக்கு எழுத்து அடிக்கப் பொறுமை கிடையாது. பேசிப் பதிவு பண்ணித்தான் அனுப்புவார். அதெல்லாம் அந்தப் போனிலேயே இருந்தது. அம்மா தினமும் ராத்திரி படுக்கும்போது ஒன்றிரண்டு போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள்.

எனக்கு வந்த பதிவுகளை நான் வைத்திருக்கவில்லை. போன் மாற்றியபோது போய்விட்டன. ஆகவே அப்பாவின் குரல் உலகத்திலேயே அந்த ஒரு போனில்தான் இருந்தது.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ஓட, ரயில்கள் நின்றுவிட்டன. விழுப்புரத்தில் நாங்களும் இருட்டில்தான் கிடந்தோம். அம்மா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் வர நாலைந்து நாள் ஆயிற்று.

அந்தப் போன் லேசாக நனைந்துவிட்டதாம். அம்மா அதைத் துடைத்து அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருக்கிறாள். அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். சார்ஜ் அடியோடு இறங்கிப் பல நாள் கிடந்த பிறகு, பழைய சார்ஜர் கெட்டுப் போனதால் புதிதாக ஒன்று மலிவாக வாங்கி மாட்டியிருக்கிறாள். போன் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் சார்ஜ் நிற்கவில்லை. ஒயரை எடுத்தால் பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும். அதனால் ராத்திரி பகல் எப்போதும் ஒயரிலேயே, தலையணைக்கு அடியிலேயே!

2025 மே மாதம் என் பெண் தன் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு விழுப்புரம் வந்திருந்தாள். ஆயாவுக்குக் கொள்ளுப் பேரனைக் காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனோம். அக்னி நட்சத்திரம் தகித்துக்கொண்டிருந்தது. முன் அறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே உட்கார்ந்தால் அடுப்பில் உட்கார்ந்த மாதிரிதான்.

சாப்பிட்டுவிட்டு அம்மா கொள்ளுப் பேரனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். குழந்தை குப்புற விழுந்து, கையை நீட்டித் தலையணைக்கு அடியிலிருந்து எதையோ இழுத்தது. ஒயர்தான். ஒயரோடு போனும் வந்தது. நடுவில் அந்தப் போனைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு!

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"பின்னாடி மூடி தெறந்துக்குது. அமுக்கி மாட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா, சாவகாசமாக.

என் தம்பி மகனுக்கு எட்டு வயசு. "பூரி மாதிரி இருக்கு அத்தே, அமுக்கினா மெத்துமெத்துன்னு இருக்கும். நான் தெனமும் அமுக்குவேன்" என்று விளக்கம் சொன்னான். குழந்தையோ ஒரு முனையை வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தது.

எனக்குப் பாதத் தழும்பு சுரீர் என்றது. குழந்தையைத் தூக்கி என் பெண்ணிடம் கொடுத்து, "வெளியே போ" என்றேன். பிளக்கை அணைத்து ஒயரைக் கழற்றினேன். போன் தொட முடியாத சூடில்லை, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. மேஜை மேல் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடிற்று. திரையின் ஓரமாக இடைவெளி விட்டு வெளிச்சம் கசிந்தது.

என் தம்பி வந்தான். "அட, இதுக்கா இவ்ளோ கலாட்டா? குண்டூசி எடுத்து ஒரு குத்து குத்தினா காத்து எறங்கிடும் அக்கா" என்று சொல்லி, நாட்காட்டியில் குத்தியிருந்த ஊசியையும் எடுத்துவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். பையைக் குத்தினால் ஊசி அந்த மெல்லிய தாளையும் கிழித்துக்கொண்டு இரண்டு தகட்டையும் சேர்த்துவிடும். காற்று இறங்காது, நெருப்புதான் வரும். முகத்துக்கு நேரே!

உடனே நாத்தனார் மகனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அணைச்சிட்டீங்களா அத்தை?" என்பதுதான். பிறகு வரிசையாகச் சொன்னான். அணைத்துவிட வேண்டும், மறுபடி ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது. ரப்பர் பேண்டை மெதுவாக வெட்டி எடுக்க வேண்டும், அமுக்கக் கூடாது. ஒரு மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு அதன்மேல் வைத்து, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில், எரியக்கூடிய சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். "பஸ்ஸுல எடுத்துக்கிட்டு வராதீங்க. கூட்டத்துல நசுங்கினா எல்லாருக்கும் ஆபத்து. நானே புதன்கிழமை வர்றேன்" என்றான்.

வேப்ப மரத்தடியில் சட்டியை வைத்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சாயந்திரம் நான் கிளம்பும்போது மட்டும், "அதுல அவரு இருக்காருடி" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கோபித்துக்கொண்டேனே தவிர, அவள் ஏன் ரப்பர் பேண்டு போட்டாள் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அந்தப் பயத்தில்தான் உப்பினதைக்கூட ஒருவரிடமும் காட்டவில்லை.

மூன்று நாளும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ராத்திரிகூட இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தாள் என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள்.

புதன்கிழமை நானும் போனேன். அவன் திண்ணையிலேயே வேலையைத் தொடங்கினான். பக்கத்தில் ஒரு பக்கெட் மணல், ஒரு பக்கெட் தண்ணீர். கண்ணுக்குக் கண்ணாடி. இரும்பு சாமான் எதையும் உள்ளே விடாமல், பிளாஸ்டிக் தகடு ஒன்றால் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, முக்கால் மணி நேரம் பொறுமையாகச் செய்து பேட்டரியை வெளியே எடுத்தான். ஆப்பம் மாதிரி நடுவில் உப்பி, ஓரம் மெலிசாக இருந்தது. அதன் முனைகளில் டேப் ஒட்டி, தனியாக மணலில் வைத்தான்.

"ஆயா, படமும் குரலும் இருக்கிற இடம் வேற, பேட்டரி இருக்கிற இடம் வேற. இது சோறு போடற பாத்திரம் மாதிரி. பாத்திரத்தை மாத்தினா ஆள் மாறிடுவாரா?" என்றான். ரிப்பேர்காரர்கள் எல்லாருக்கும் இப்படிப் பேச வருமா என்று தெரியாது. அம்மாவுக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

புது பேட்டரி போட்டு ஆன் பண்ணினான். எங்களுக்கெல்லாம் மூச்சே நின்றது. திரையில் வெளிச்சம் வந்தது. அம்மா விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள்.

"பாப்பா, மல்லாட்டை அவிச்சு வெச்சிருக்கேன். பஸ் ஏறிட்டியா?"

அப்பா! நாற்பது வயசுக்கு மேலும் அவருக்கு நான் பாப்பாதான். எனக்கு வந்து நான் தொலைத்த பதிவு. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எட்டு வயசுப் பயல்கூடப் பேசாமல் நின்றான்.

அன்றைக்கே அத்தனை பதிவையும் பென் டிரைவில் ஒன்று, என் போனில் ஒன்று, என் பெண்ணின் கம்ப்யூட்டரில் ஒன்று என்று மூன்று இடத்தில் எடுத்து வைத்துவிட்டோம். இதை மூன்று வருஷம் முன்பே செய்திருந்தால் அம்மா அந்தப் போனைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்க வேண்டாம். நான் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

பட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாகக் கொடுத்திருக்கிறேன்.

1. பின்மூடி தூக்கிக்கொண்டாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, மேஜை மேல் வைத்தால் ஆடினாலோ, அது பேட்டரி உப்பிய அறிகுறி. கழற்றக்கூடிய பழைய பட்டன் போன் பேட்டரியை மேஜையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பியிருக்கிறது.

2. அப்படித் தெரிந்தால் உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள். அமுக்க, குத்த, வளைக்க, நீங்களே கழற்ற வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். மண்சட்டி மணல்தான் நல்லது. போன் தானே சூடாகிக்கொண்டே போனாலோ, இனிப்பு நெடியோ "உஸ்" சத்தமோ வந்தாலோ கிட்டே போகாமல் எல்லோரும் வெளியேறுங்கள்.

3. சார்ஜ் போடும்போது மெத்தை, தலையணை, சோபா கூடாது. கல், தரை, மேடை போன்ற காற்றோட்டமான இடம் நல்லது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். வெயில் படும் ஜன்னல், டி.வி. மேல், அடுப்புப் பக்கம் கூடாது. நம் ஊர் மே மாத வெயிலே பேட்டரிக்கு அதிகம்.

4. பழைய போனைக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமானாகக் கொடுக்காதீர்கள். சார்ஜில் இருக்கும் போனைக் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள். குழந்தை கடிப்பதும், கீழே போடுவதும், அமுக்குவதும் பேட்டரிக்கு ஆகாது.

5. பவர் பேங்கோ பேட்டரியோ வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் அது நிஜமா என்று தெரியும். முந்நூற்றைம்பது ரூபாய்ப் பெருமை வேண்டாம்!

6. நனைந்த போனையும், பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த போனையும் நீங்களே சார்ஜ் போட்டுப் பார்க்காமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அரிசியை நம்ப வேண்டாம்.

7. தீப்பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். சின்ன நெருப்பாக இருந்தால் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அணைந்த பிறகும் ஊற்றுங்கள். பெரிதானால் குழந்தைகளோடு வெளியே வந்து 101-க்குப் போன் செய்யுங்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம்.

8. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். அதன்மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பதன் அர்த்தமே அதுதான். பேட்டரி செய்து விற்கிறவர்களே பழசைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ல் சட்ட விதி வந்திருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். நாம் குப்பையோடு போட்டால், காலையில் நம் வாசலில் வந்து நிற்கும் அந்தத் தூய்மைப் பணிப் பெண்ணின் கையில்தான் அது எரியும். அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

9. போனில் இருக்கும் பெரியவர்களின் குரல், குழந்தையின் முதல் சிரிப்பு, கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் இன்னும் இரண்டு இடத்திலாவது எடுத்து வையுங்கள். அதைச் செய்துவிட்டால் பழைய போனை விட்டுக் கொடுக்க மனசு வரும்.

அம்மா இப்போதும் ராத்திரி அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறாள். கேட்டு முடித்ததும் போனை எடுத்துப் போய் அடுக்களையின் கடப்பைக் கல் மேடையில் வைத்துவிட்டு வருகிறாள். தலையணைக்கு அடியில் இப்போது விசிறிதான் இருக்கிறது. ரப்பர் பேண்டு இரண்டையும் மட்டும் தூக்கிப் போடவில்லை. கருவேப்பிலைக் கவருக்குப் போட்டிருக்கிறாள்!

சகோதரிகளே, இன்றைக்கு மத்தியானம் சமையல் முடிந்து கை காலியானதும், உங்கள் வீட்டு மேஜை டிராயரையும் பீரோவின் மேல்தட்டையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அப்படியே உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரு போன் போட்டு, அவர்கள் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.